அப்பாவின் கடிகாரத்துக்கு என்ன விலை?

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் லக்கி பிளாசாவுக்குள் நுழைவது லேசுப்பட்ட காரியமல்ல. பணம் அனுப்பும் கடைகளில் வரிசை வாசல்வரை நீண்டிருக்கும். வாரம் ஒருநாள் விடுப்பில் வந்த பிலிப்பீன்ஸ் பணிப்பெண்கள் மின்படியிலேயே வீட்டுக்குக் காணொளி அழைப்பில் பேசிக்கொண்டிருப்பார்கள். மேல்மாடியில் பொரிக்கும் மீனின் வாசம் தரைத்தளம்வரை இறங்கி வரும். அந்த நெரிசலுக்கு நடுவில், கண்ணாடிப் பெட்டிகளுக்குள் ஐயாயிரம், பதினைந்தாயிரம், நாற்பதாயிரம் வெள்ளி கைக்கடிகாரங்கள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும்.

என் கைப்பையில் ஒரு கைக்கடிகாரம் இருந்தது. அப்பாவின் கைக்குட்டையில் சுற்றி, இரண்டு முடிச்சுப் போட்டது.

நான் வானொலியில் வேலை பார்ப்பவள். எங்கள் ஒலிபரப்பு அறையில் நொடி பிசகாத மின்னியல் கடிகாரம் ஒன்று சுவரில் இருக்கிறது. மணி பார்க்க எனக்குக் கைக்கடிகாரமே தேவையில்லை. ஆனாலும் 35 வயதுக்குள் ஒரு நல்ல கடிகாரம் வாங்கிவிட வேண்டும் என்று ஒன்பதாயிரம் வெள்ளி சேர்த்து வைத்திருந்தேன். “அது செலவு இல்லை, முதலீடு” என்று பாட்டு ஓடும் இடைவெளிகளில் ஓதிக்கொண்டே இருந்தவர் என் சக அறிவிப்பாளர்.

இதற்கிடையில் எங்களுக்கு வீவக வீட்டின் சாவி கிடைத்தது. புதுப்பிப்புக் குத்தகையாளர் தந்த மதிப்பீட்டைப் பார்த்து நானும் கணவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அதைக் கவனித்த அப்பா மறுநாள் அலமாரியைத் திறந்தார்.

“இத வித்துடும்மா. ரோலெக்ஸ் மாதிரிதான். சமையலறைக்காவது ஆகும்.”

அப்பா கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவர். 25 ஆண்டு சேவைக்காக 1993ல் நிறுவனம் அந்தக் கடிகாரத்தைக் கொடுத்தது. முகப்பில் ‘டியூடர்’ என்று இருக்கும். திருகும் குமிழில் ரோலெக்ஸின் கிரீடச் சின்னம். பின்மூடியின் ஓரத்தில் வட்டமாக ரோலெக்ஸ் என்ற பெயர். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு முப்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டில் அது ‘அப்பாவோட ரோலெக்ஸ்’. கல்யாணங்களுக்கும் தீமிதிக்கும் மட்டும் வெளியே வரும்.

ஆக, விற்க ஒன்று, வாங்க ஒன்று என இரண்டு வேலையோடு ஆர்ச்சர்ட் சாலைக்குப் போனேன்.

முதலில் புதுக் கடிகாரக் கடை. சாலையின் எதிர்ப்புறம், குளிரூட்டியும் வாசனையும் தாராளமாக இருக்கும் இடம். “கணவருக்குப் பரிசா?” என்று கேட்டார் விற்பனையாளர். எனக்குத்தான் என்றதும் புன்னகை கொஞ்சம் இடம் மாறியது. நான் கைகாட்டிய எஃகுக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் ‘காட்சிக்கு மட்டும்’ என்று ஒரு சிறு அட்டை. பணத்தை நீட்டினாலும் கொடுக்க மாட்டார்கள். பெயர் பதிய வேண்டும், காத்திருக்க வேண்டும். எத்தனை காலம் என்று கேட்டால் பதில் கிடையாது. பொருளும் இல்லாத, தேதியும் இல்லாத ஒரு வரிசையில் நிற்க நல்ல உடை உடுத்திப் போனது அன்றுதான்.

இந்தத் தட்டுப்பாடுதான் ‘கடிகாரம் முதலீடு’ என்ற பேச்சின் ஊற்றுக்கண். ரோலெக்ஸின் எஃகு டேடோனா, பாட்டெக் ஃபிலிப்பின் நாட்டிலஸ், ஆடிமார் பிகேயின் ராயல் ஓக் என விரல்விட்டு எண்ணக்கூடிய சில வகைகள் புதுக் கடையில் கிடைக்காததால் பழைய கடையில் புது விலையைவிடக் கூடுதலாகப் போயின. கொவிட் காலத்தில் இது பித்தமாகவே ஆகிவிட்டது. நாட்டிலஸின் ஒரு வகையை 2021ல் நிறுத்தப்போவதாக நிறுவனம் அறிவித்ததும் அதன் சந்தை விலை எகிறியது. 2022 தொடக்கத்தில் உச்சத்தைத் தொட்ட விலைகள் அதே ஆண்டிலேயே இறங்கத் தொடங்கின. உச்சத்தில் வாங்கியவர்கள் இப்போது அதை ‘ஆசைக்கு வாங்கினேன்’ என்கிறார்கள்.

மற்றவற்றின் கதை நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த கதைதான். நகையை விற்கப் போனால் செய்கூலியும் சேதாரமும் திரும்பி வராது, தங்கத்துக்குத்தான் விலை. பெரும்பாலான சுவிஸ் கடிகாரங்களில் செய்கூலிதான் முக்கால்வாசி. கடைவாசலைத் தாண்டியதுமே விலையில் ஒரு பெரிய துண்டு காணாமல் போகிறது. உள்ளே இருக்கும் எஃகை உருக்கி விற்கவும் முடியாது. பெயர் பெற்ற, அழகான, வைரம் பதித்த கடிகாரங்களுக்கும் இதே நிலைதான். சொல்லப்போனால் வைரம் பதித்தவை இன்னும் மோசம்.

சாலையைக் கடந்து லக்கி பிளாசாவுக்கு வந்தேன். 1970களின் இறுதியில் எழுந்த கட்டடம். மேலும் கீழும் போய்வரும் கண்ணாடி மின்தூக்கிக்குச் சுற்றிலும் பழைய கடிகாரக் கடைகள். மூன்றாவதாக நுழைந்த கடையில் அறுபது வயதைத் தாண்டிய சீன அங்கிள் ஒருவர் தனியாக உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கைக்குட்டை முடிச்சை நான் அவிழ்ப்பதைப் பொறுமையாகப் பார்த்தார். உருப்பெருக்கியைக் கண்ணில் மாட்டினார்.

“யாருடையது?”

“அப்பாவுடையது. ரோலெக்ஸ்தானே அங்கிள்?”

அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. டியூடர், ரோலெக்ஸின் தம்பி என்றார். இரண்டையும் தொடங்கியவர் ஹான்ஸ் வில்ஸ்டோர்ஃப் என்ற ஒரே மனிதர்தான். நல்ல கடிகாரத்தைக் குறைந்த விலையில் தர நினைத்து 1926ல் டியூடர் பெயரைப் பதிவு செய்தார்களாம். அப்பாவின் காலத்துக் கடிகாரங்களுக்குக் கூடும் குமிழும் ரோலெக்ஸிலிருந்து வந்தன. உள்ளே துடிக்கும் இயந்திரம் மட்டும் வெளியில் வாங்கியது. “உடம்பு அண்ணனுடையது, இதயம் வேறு” என்று தன் மார்பைத் தட்டிக் காட்டினார்.

பிறகு ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தார். ஓரங்கள் மழுங்கியிருக்கின்றன, யாரோ மெருகேற்றியிருக்கிறார்கள். ஆமாம், என் கல்யாணத்துக்கு முன் ‘பளபளன்னு இருக்கணும்’ என்று அப்பாதான் பேட்டைக் கடையில் கொடுத்துத் தேய்த்து வாங்கினார். கீறல் இருந்திருந்தால் கூடுதல் விலையாம்! பட்டை அசல் இல்லை. உத்தரவாதச் சீட்டு எங்கே, பெட்டி எங்கே? சீட்டு எங்கே போனதோ தெரியாது. பெட்டியில் அம்மா ஊசியும் நூலும் வைத்திருக்கிறார்.

கடைசியாகக் கடிகாரத்தைத் திருப்பினார். பின்மூடியின் நடுவில் நிறுவனத்தின் பெயர், அப்பாவின் பெயர், 25 ஆண்டு.

“இதுதான் பெரிய சிக்கல். வேறொருவர் பெயர் பொறித்த கடிகாரத்தை யார் கட்டுவார்கள்?”

எழுநூறு வெள்ளி என்றார்.

ஹாலிவுட் நடிகர் பால் நியூமனின் டேடோனா 2017ல் நியூயார்க் ஏலத்தில் ஒரு கோடியே 77 லட்சம் அமெரிக்க டாலருக்கு விலைபோனது. கார்ப் பந்தயப் பித்தரான அவருக்கு, பார்த்து ஓட்டும்படி மனைவி அதன் பின்மூடியில் பொறித்துக் கொடுத்திருந்தார். அந்த எழுத்து விலையை ஏற்றியது. தஞ்சோங் ரூ புளோக்கிலிருந்து விடிவதற்கு முன் கிளம்பி, கொதிக்கும் கப்பல் வயிற்றுக்குள் குனிந்து நின்ற மனிதரின் பெயர் விலையை இறக்கியது. அங்கிளிடம் சண்டை போட என்னிடம் நியாயம் எதுவும் இல்லை. அவர் சொன்னது சந்தை.

நகர மண்டபம் எம்ஆர்டிக்கு அருகே பெனின்சுலா பிளாசாவிலும் கேட்டுப் பார்த்தேன். மியன்மார்க் கடைகளுக்கும் புகைப்படக் கருவிக் கடைகளுக்கும் இடையே அங்கும் பழைய கடிகாரங்கள் உண்டு. அங்கே 750. அம்மா தொலைபேசியில், “பேசாம அடகு வச்சிரு” என்றார். இங்கே அடகுக் கடைகள் மாதத்துக்கு ஒன்றரை விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது. ஆறு மாதத்தில் மீட்டுக்கொள்ளலாம். ஆனால் 700 வெள்ளிப் பொருளுக்கு எவ்வளவு தருவார்கள்?

இரவு அப்பா கூடத்தில் காத்திருந்தார். தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துவிட்டு, “எவ்ளோம்மா?” என்றார். பொய் சொல்லிவிடலாம் என்று ரயிலிலேயே ஒத்திகை பார்த்திருந்தேன். மூவாயிரம் என்று சொல்லி, என் பணத்தையே எடுத்துச் சமையலறைக்குக் கொடுத்து, கடிகாரத்தை ஒளித்து வைத்துவிடலாம். அப்பாவின் கண்ணைப் பார்த்ததும் அது வரவில்லை.

“எழுநூறுப்பா. பேரு பொறிச்சிருக்கறதால.”

அப்பா கடிகாரத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

“அன்னிக்கு மேடையில பேரைத் தப்பாத்தான் கூப்பிட்டாங்க,” என்றார். “இதுலதான் சரியா எழுதியிருந்தாங்க.”

ஒன்பதாயிரத்தில் பெரும்பகுதி சமையலறைக்குப் போய்விட்டது. 400 வெள்ளிக்கு அப்பாவின் கடிகாரத்தை லக்கி பிளாசா அங்கிளிடமே பழுதுபார்க்கக் கொடுத்தேன். மெருகேற்ற வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன். எழுநூறு பெறும் பொருளுக்கு நானூறு செலவழிப்பதைக் கேட்டால் என் சக அறிவிப்பாளர் மயங்கி விழுவார். அந்தப் பக்கம் போகும்போது நான் இன்னும் கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் நிற்கிறேன் என்பதையும் மறைப்பதற்கில்லை.

இப்போது அப்பா அதைத் தினமும் கட்டுகிறார், ஈரச்சந்தைக்குப் போகும்போதுகூட. காலை ஏழு மணிக்கு நான் ஒலிபரப்பில் நேரம் சொல்வதைக் கேட்டுத்தான் முள்ளைச் சரிசெய்வாராம். போன செவ்வாய்க்கிழமை ஏழு மணிச் செய்தி முடிந்து ஒலிவாங்கியை அணைத்தபோது வாட்ஸ்அப்பில் அவரது குரல்பதிவு காத்திருந்தது.

“அம்மாடி, இன்னிக்கு நீ பத்து செகண்ட் லேட்டு.”