மளிகைக் கடைக்குப் பின்னால் ஒரு வகுப்பறை

அந்த வகுப்பறைக்கு ஜன்னல் கிடையாது. முன்பக்கம் மளிகைக் கடை, பின்பக்கம் பாடம். வெள்ளையர் யாரும் எட்டிப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே ஜன்னல் வைக்கவில்லை என்று அந்த வகுப்பை ஏற்பாடு செய்தவர்களில் ஒருவரான செப்டிமா கிளார்க் பிற்பாடு சொல்லியிருக்கிறார். 1957 ஜனவரி 7 அன்று வகுப்பு தொடங்கியது. இடம், அமெரிக்காவின் தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் நகரை ஒட்டிய ஜான்ஸ் தீவு. வந்தவர்கள் பதினான்கு பேர், எல்லோரும் கறுப்பின மக்கள். வயல் வேலை இல்லாத குளிர்கால ராத்திரிகளில் வாரம் இரண்டு நாள் வகுப்பு.

முதியோர் கல்வியைப் பற்றி எதைப் படித்தாலும் என் மனசு கடைசியில் அந்த ஜன்னல் இல்லாத அறைக்குத்தான் போய் நிற்கிறது. எழுத்துப் படிப்பதை ஒளித்துச் செய்யவேண்டிய நிலை ஒரு ஊரில் இருந்திருக்கிறது என்பது இன்றைக்கும் என்னை உலுக்குகிறது. காரணம் ஓட்டு. அன்றைக்குத் தென் கரோலினாவில் வாக்காளராகப் பதிவு செய்யவேண்டுமானால் மாநில அரசியல் சட்டத்தில் ஒரு பகுதியை வாசித்து எழுதிக் காட்ட வேண்டும். இல்லையென்றால் 300 டாலர் மதிப்புள்ள சொத்துக்கு வரி கட்டியிருக்க வேண்டும். அந்தத் தீவில் எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒவ்வொரு கறுப்பினத்தவரும் ஒரு புதிய ஓட்டு.

எல்லாவற்றுக்கும் தொடக்கம் ஒரு பஸ். ஏசா ஜென்கின்ஸ் என்ற தீவுக்காரர் சொந்தமாக பஸ் வைத்துக்கொண்டு தொழிலாளிகளைச் சார்ல்ஸ்டனுக்கு வேலைக்குக் கூட்டிப்போய் வந்தார். அதில் போய்வந்தவர் ஆலிஸ் வைன். ஒருநாள் அந்த அம்மா, "நான் ஓட்டுப் போடணும், ஆனால் எனக்கு வாசிக்கத் தெரியாது" என்றார். ஜென்கின்ஸ் அரசியல் சட்டப் பகுதியைத் தாளில் எடுத்துப் பயணிகளிடம் கொடுத்து, போகிற வழியிலேயே சொல்லிக்கொடுத்தார். ஆலிஸ் வைன் எழுத்தைப் பார்த்துப் படிக்கவில்லை, காதால் கேட்டே மனப்பாடம் செய்துவிட்டார். பதிவு அலுவலகத்தில் வரிசையில் நிற்கும்போது முன்னால் நின்றவர் ஒரு இடத்தில் தடுமாற, இவர் பின்னாலிருந்து திருத்தினாராம். பதிவும் ஆயிற்று, ஓட்டும் கிடைத்தது.

இன்னொருவராக இருந்தால் அதோடு விட்டிருப்பார். இவர் விடவில்லை. ஓட்டு வந்த பிறகும், நிஜமாகவே வாசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டார். ஏமாற்றாமல் கிடைத்ததுதான் அந்த ஓட்டு, சட்டத்தின் ஒவ்வொரு சொல்லும் அவர் நாவில் இருந்தது. ஆனாலும் அந்தச் சொல் தாளில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரியாத குறை அவரை உறுத்தியிருக்க வேண்டும். அவர் கேட்டதைத்தான் ஜென்கின்ஸ், டென்னசி மலைமேல் இருந்த ஹைலேண்டர் ஃபோக் ஸ்கூலுக்குக் கொண்டுபோனார். மைல்ஸ் ஹார்ட்டன் என்பவர் 1932-இல் தொடங்கிய முதியோர் பள்ளி அது. டென்மார்க்கில் பரீட்சையே இல்லாமல் விவசாயிகளுக்காக நடந்துவந்த பள்ளிகளை நேரில் பார்த்துவிட்டு வந்து அவர் தொடங்கியது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். ரோசா பார்க்ஸ் 1955 கோடையில் அங்கே வந்து தங்கினார். அதே டிசம்பரில்தான் மான்ட்கோமரி பஸ்ஸில் வெள்ளையருக்காக இடத்தைவிட்டு எழ மறுத்தார்.

ஜான்ஸ் தீவுக்கு வாத்தியார் வேண்டும். ஹார்ட்டனும் கிளார்க்கும் பட்டம் பெற்ற ஆசிரியரைத் தேடவே இல்லை. அவர்கள் பிடித்துவந்தது பெர்னிஸ் ராபின்சனை. சார்ல்ஸ்டனில் பெண்களுக்குத் தலைமுடி அலங்காரம் செய்பவர், தையலும் தெரியும். வாடிக்கையாளர்கள் எல்லோரும் கறுப்பினப் பெண்கள் என்பதால் அவரை வேலையைவிட்டு நீக்க எந்த வெள்ளை முதலாளியாலும் முடியாது. அதைவிட முக்கியம், நாள் முழுக்கப் பெண்கள் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்டுப் பழகியவர். தனக்குப் பாடம் நடத்தத் தெரியாது என்று முதலில் தயங்கினார். வகுப்பிலும், "நான் டீச்சர் இல்லை, சேர்ந்து படிப்போம்" என்கிற தோரணையில்தான் நின்றார்.

கையோடு சின்னப் பிள்ளைகளின் பாடப்புத்தகங்களைக் கொண்டுவந்திருந்தார். எதிரே உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்ததும் அவற்றை ஓரமாக வைத்துவிட்டார். என்ன படிக்க ஆசை என்று அவர்களையே கேட்டார். பேர் எழுத வேண்டும். பைபிள் வாசிக்க வேண்டும். மணியார்டர் ஃபார்ம் நிரப்ப வேண்டும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளிடமிருந்து வரும் கடிதத்தை அடுத்தவர் உதவியில்லாமல் படிக்க வேண்டும். அந்த வருஷத்துப் பாடத்திட்டம் அங்கேயே தயாராகிவிட்டது. அவர்கள் வாயால் சொன்ன கதைகளை எழுதிக்கொடுத்து அதையே வாசிக்க வைத்தார். சுவரில் ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தை ஒட்டிவைத்து, வகுப்பு முடிவதற்குள் நீங்கள் எல்லோரும் இதைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்றார். எழுத்தே தெரியாதவர்கள் முன்னால் அதை ஒட்டிய துணிச்சலை நான் எத்தனை முறை நினைத்தாலும் வியக்கிறேன். பெரியவர்களுக்குப் பெரிய விஷயம் வேண்டும் என்று தெரிந்த கை ஒட்டியது அது.

பேர் எழுதப் பழக்க அட்டையில் பேரைப் பெரிதாக எழுதிக்கொடுப்பார், அதன்மேலேயே பென்சிலைத் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். ஏர் பிடித்துக் காய்த்த கை, பென்சிலையும் ஏர்க்காம்பு மாதிரி இறுக்கிப் பிடிக்கும். ஒடியும். இன்னொன்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு ராத்திரி எல்லோருடைய பேரையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, யாருக்காவது தன் பேர் தெரிகிறதா என்று கேட்டார். அன்னா என்ற மூதாட்டி எழுந்தார், வயது அறுபதுக்கு மேல். நேராக முன்னால் வந்து ராபின்சன் கையிலிருந்த அடிக்கோலை எடுத்துக்கொண்டார். இதோ என் பேர் என்று ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுச் சொன்னார். பிறகு குடும்பப் பேரையும் தேடிப்பிடித்து அதையும் எழுத்துக் கூட்டினார். உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது என்று ராபின்சன் பல வருஷம் கழித்தும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் எனக்குப் பிடித்தது, அன்னா அடிக்கோலைக் கேட்டு வாங்காமல் தானாக எடுத்துக்கொண்டதுதான்.

எங்கள் தெருவில் முதியோருக்கான அறிவொளி வகுப்பு நடந்த காலத்தில் பக்கத்து வீட்டு அத்தையும் போய்வந்தார். சொல்லிக்கொடுக்க வந்த பெண் அவர் பேரை எழுதிக் காட்டப்போனபோது, "என் பேர் கிடக்கட்டும் கண்ணு, முதல்ல என் மவன் பேரை எழுது" என்றார். மகன் மும்பையில் வேலை பார்த்தான், கடிதத்தின் கடைசி வரியில் அந்தப் பேர் இருக்கும். ஜான்ஸ் தீவுக்காரர்களும் பிள்ளைகளின் கடிதத்தைத்தான் கேட்டார்கள் என்று படித்தபோது அத்தையின் முகம் அப்படியே கண்முன் வந்தது.

சார்ல்ஸ்டன் என்றதும் ஒரு பாட்டையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அங்கே ஒரு சுருட்டாலையில் 1945-இல் வேலைநிறுத்தம் தொடங்கியது. மறியலில் நின்ற கறுப்பினப் பெண்கள் ஒரு பழைய தேவாலயப் பாட்டைத் தங்கள் போராட்டத்துக்காக மாற்றிப் பாடினார்கள். அதை ஹைலேண்டரில் அவர்களிடம் கேட்டுக் கற்றுக்கொண்டவர் ஹார்ட்டனின் மனைவி சில்ஃபியா. அவரிடமிருந்து பாடகர் பீட் சீகர் கற்றார். அங்கிருந்து உலகம் முழுக்கப் போன பாட்டைத்தான் கிரிஜா குமார் மாத்தூர் இந்தியில் 'ஹம் ஹோங்கே காமியாப்' ஆக்கினார். நம் ஊர்ப் பள்ளி மைதானங்களில் வரிசையில் நின்று பாடிய பிள்ளைகளுக்கும் அந்தச் சுருட்டாலைப் பெண்களுக்கும் நடுவில் இருந்தது ஒரு முதியோர் பள்ளி.

அந்தப் பள்ளியை விட்டுவைக்கவில்லை. பீர் விற்றார்கள் என்பது உள்பட ஏதேதோ குற்றம் சொல்லி டென்னசி அரசு 1961-இல் இழுத்து மூடியது. ஹார்ட்டன் நாக்ஸ்வில்லில் வேறு பேரில் மறுபடி தொடங்கினார். தீவில் பிறந்த வகுப்புகளை அதே வருஷம் மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பு ஏற்றுக்கொண்டது. தென் மாநிலங்கள் முழுக்க ஆயிரக்கணக்கானோர் பயிற்சி பெற்று, தேவாலயத்திலும் வீட்டுக் கூடத்திலும் பாடம் நடத்தினார்கள். உரிமைப் போராட்டப் பேரணிகளின் படங்கள் நமக்குத் தெரியும். அந்தப் பேரணிகளில் நடந்தவர்கள் எத்தனையோ பேர் முதலில் இப்படியொரு அறையில் பென்சில் பிடித்தவர்கள். அமெரிக்கக் குடிமை உரிமைப் போராட்டத்தின் தலைசிறந்த ஆசிரியர் யார் என்று என்னைக் கேட்டால், முடி அலங்காரம் செய்த பெர்னிஸ் ராபின்சனைத்தான் சொல்வேன்.

அவரைக் கண்டுபிடித்த செப்டிமா கிளார்க், கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தில் உறுப்பினர் என்பதை மறைக்க மறுத்ததற்காக 1956-இல் ஆசிரியர் வேலையை இழந்தவர். நாற்பது வருஷ உழைப்பும் ஓய்வூதியமும் சேர்ந்து போயின. 1975-இல் அதே சார்ல்ஸ்டனில் மக்கள் ஓட்டுப் போட்டு அவரைப் பள்ளி வாரியத்துக்கு உறுப்பினராக அனுப்பினார்கள். அப்போது அவருக்கு வயது எழுபத்தேழு.