உரிமக் கட்டணம் மிச்சம், அப்புறம்?

பெங்களூருவின் பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா உள் நிர்வாக வேலைகளுக்குப் பயன்படுத்துவது ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற திறமூல (யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தி மாற்றிக்கொள்ளக்கூடிய) மென்பொருளை. மும்பையில் ருஷப் மேத்தா என்பவர் தன் குடும்பத்தின் ஃபர்னிச்சர் தொழிலுக்கு நிறுவ முயன்ற மென்பொருள் சரிவராமல் போக, தானே எழுதத் தொடங்கியதில் பிறந்தது அது.

ஆள் கூடக்கூட உரிமக் கட்டணமும் கூடும் தொல்லை இதில் இல்லை.

ஆனால் 'இலவசம்' என்று குதிக்கிற முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை: சர்வர் வாடகை உண்டு, ஊழியர்களுக்குப் பயிற்சி உண்டு. பழைய சரக்குப் பட்டியலைத் திறந்தால் ஒரே போல்ட் மூன்று பெயரில் பதிவாகியிருக்கும். அதைச் சரிசெய்து புதிய மென்பொருளில் ஏற்றுவதுதான் இடுப்பொடிக்கிற வேலை.

இலவச மென்பொருளுக்கும் செலவு உண்டு என்ற இந்தக் கணக்கு ஜெரோதாவுக்குத் தெரியும். திறமூலத் திட்டங்களுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் தரும் நிதியை 2024இல் அறிவித்தது. திறமூலத்துக்கு மாறப்போகிறவர்களே, மிச்சமாகும் உரிமத் தொகையில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கு இப்போதே ஒதுக்கிவிடுங்கள்.