நான் எழுதாத விபத்து அறிக்கை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லின் பெர்சனல் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்தவன் நான். என் மேஜையில் நடக்க வேண்டிய ஒரு காரியம் நடக்காததால் ஒரு மனிதர் வீதிக்கு வந்தார். அவரை மீட்டவர்கள் என்னிடம் உதவி கேட்டபோது, அவரைத் தெரியாது என்றேன். இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒடிசாவிலிருந்து காண்ட்ராக்டர் மூலம் வந்தவர் அவர். பழுக்கக் காய்ந்த கம்பி தடம் மாறியதில் வலது கையில் இரண்டு விரல்கள் போயின. மேஸ்திரி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட வைத்து, கையில் கொஞ்சம் பணம் கொடுத்து, ஊருக்குப் போகச் சொன்னார். அன்று சாயங்காலமே லைன் வீட்டில் அவர் படுத்த இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அப்போது அமலில் இருந்த 1948-ஆம் வருஷத்து ஈ.எஸ்.ஐ. சட்டப்படி, காண்ட்ராக்டர் ஆளானாலும் சந்தா கட்டும் பொறுப்பு முதலில் ஆலை நிர்வாகத்துடையது. வேலையில் அடிபட்டவர் நேற்றுதான் சேர்ந்தவர் என்றாலும், வேலைக்குத் திரும்பும்வரை கூலியில் 90 சதவீதம் அவருக்கு உண்டு. சந்தாவே கட்டாமல் விட்டிருந்தாலும், ஈ.எஸ்.ஐ. கழகம் தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டு நிர்வாகத்திடம் வசூலிக்க வழி இருந்தது. வெளிமாநிலத் தொழிலாளிக்குத் தங்க இடம் தருவது காண்ட்ராக்டரின் கடமை என்று 1979-ஆம் வருஷத்துச் சட்டம் சொன்னது. இவ்வளவும் எனக்கு மனப்பாடம். ஆனால் விபத்து அறிக்கையை நான் எழுதவில்லை. எழுதினால் ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வருவார், மஸ்டரை, அதாவது வருகைப் பதிவேட்டைக் கேட்பார், அதில் பெயர் இல்லாத பலர் வெளியே தெரிவார்கள். எழுதாதே என்று மேலிருந்து யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லாதபடி நானே நடந்துகொண்டேன்.

ஊரில் கடன் வைத்துவிட்டு வந்தவர், விரலில்லாத கையோடு அங்கே போக மனம் வராமல் ரயில் நிலையத்திலேயே தங்கிவிட்டார். சென்ட்ரல் போகும் மின்சார ரயிலுக்கு நான் நிற்கும்போது முதலில் வணக்கம் வைத்தார். பிறகு நான் நடைமேடையின் அடுத்த கோடிக்குப் போய் நிற்கத் தொடங்கினேன். நாளாக ஆக அவர் தனக்குத்தானே பேசிக்கொள்வது தெரிந்தது. குடிகாரன் என்று மனதுக்குள் முடிவு கட்டினேன். அவர் குடித்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. திடீரென்று அவரைக் காணவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

சில மாதம் கழித்து, சென்னையில் வீடற்றோர் காப்பகம் ஒன்றிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். "சார், வலது கையில விரல் இல்லாத ஒருத்தர் சட்டைப் பையில உங்க கம்பெனி கேட் பாஸ் இருக்கு. பேர் அழிஞ்சு போச்சு. ஊர் விலாசம் மட்டும் பார்த்துச் சொல்றீங்களா?"

"அப்படி யாரும் எங்க ரோல்ல இல்லம்மா" என்றேன். மஸ்டர்படி அது பொய்யில்லை. அந்த இடுக்கில் நான் ஒளிந்துகொண்டேன்.

ஓய்வு பெற்ற பிறகுதான் அந்தக் காப்பகத்தைத் தேடிப் போனேன். நான் மறுத்த விலாசத்தை அவர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று அந்தப் பெண் சொன்னார். முதலில் சில நாள் எதுவுமே கேட்கவில்லை. குளிப்பாட்டி, முடி வெட்டி, புண்ணுக்கு மருந்து போட்டிருக்கிறார்கள். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் காட்டி மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். அவர் பேசுவது ஒடியா என்று புரிந்ததும், கட்டட வேலைக்கு வந்திருந்த ஒருவரைக் கூட்டிவந்து பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். பாதி ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷன்களுக்குப் போன் போட்டு, கடைசியில் தம்பியின் முகத்தை வீடியோவில் காட்டியிருக்கிறார்கள். பிறகு ஆதார், வங்கிக் கணக்கு, இடது கையால் செய்யக்கூடிய வேலை. நான் போனபோது பக்கத்து மெஸ் ஒன்றில் பில் போட்டுக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்ட இடங்கள் தானாக முளைக்கவில்லை. வீடற்றோருக்குக் காப்பகம் திறக்கச் சொல்லி 2010-இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. 2013-இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம், லட்சம் நகர மக்களுக்கு 100 பேர் தங்கும் இடம், ஆளுக்கு 50 சதுர அடி என்று அளவு வைத்தது. வீதியில் திரியும் மனநோயாளியைப் பாதுகாத்து, குடும்பத்தைத் தேடுவதைக் காவல்துறையின் கடமையாக்கியது 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டம். 1993-இல் இரண்டு இளம்பெண்கள் சென்னையில் 'தி பான்யன்' அமைப்பைத் தொடங்கியபோது இவற்றில் எதுவும் இல்லை. ஆனால் அந்த லட்சம் பேர் அளவுக்கு எட்டாத கும்மிடிப்பூண்டி போன்ற ஊரில், மஸ்டரில் ஏறாதவர்கள் மக்கள்தொகைக் கணக்கிலும் விடுபட்டுப் போகலாம். அங்கே வீதிக்கு வருபவரை, அடுத்த ஊர்க் காப்பகம் கண்டெடுத்தால்தான் உண்டு.

அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். மன்னிப்புக் கேட்டேன். அதைக் காதில் வாங்கிக்கொண்டு, அரைகுறைத் தமிழில் கேட்டார்: "சார், அந்த ஆக்சிடென்ட் பேப்பர் கிடைக்குமா?"

நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுத்திருக்கிறேன். வேலை போகும் பயம் இல்லாத வயதில் வந்த துணிச்சல் இது. இதற்குப் பெருமைப்பட ஒன்றுமில்லை. இன்று அதே மாதிரி மேஜைகளில் உட்கார்ந்திருப்பவர்களே, அடிபட்டவரின் பெயரை அன்றைக்கே எழுதுங்கள். அவர் படுத்த இடத்தை அவருக்கே விட்டுவைக்கச் சொல்லுங்கள். காப்பகத்திலிருந்து போன் வந்தால், தெரிந்த விலாசத்தைச் சொல்லுங்கள்.