படிகள் பல, கை ஒன்று

வலைப்பக்கம் திறக்கத் தாமதமானால் 'நெட் ஸ்லோ' என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். அந்தத் தாமதத்தில் பெரும்பங்கு தொலைவினுடையது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் செல்லும். சென்னையிலிருந்து நியூயார்க், மிகக் குறுகிய வழியில் அளந்தாலும், ஏறத்தாழ 13,500 கிலோமீட்டர். போய்த் திரும்பும் ஒரு நடைக்கு 135 மில்லிநொடி ஆகும். கடலடிக் கம்பிகள் வளைந்து செல்வதால் உண்மையில் இன்னும் கூடும். ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரியுமுன் இத்தகைய நடைகள் பல நிகழ வேண்டும்.

முதல் நடை முகவரி கேட்பதற்கு. நாம் தட்டச்சிடும் பெயரை எண்முகவரியாக மாற்றித் தருபவை டி.என்.எஸ். எனும் பெயர்வழங்கிகள். 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த முறை இது. ஒருமுறை கேட்டறிந்த விடையை அவை சிறிது காலம் நினைவில் வைத்திருக்கும். அடுத்து வருபவருக்குக் காத்திருப்பு குறையும்.

பக்கத்தைக் கொண்டுவருவது அடுத்த வேலை. ஒளியை விரட்ட இயலாதெனில் பக்கத்தையே வாசகர் அருகில் வைக்கலாம் அல்லவா? டாம் லெய்ட்டனும் அவர் மாணவர் டேனியல் லெவினும் 1998இல் தொடங்கிய அகமாய் நிறுவனம் அதைத்தான் செய்தது. பக்கத்தின் படிகள் பல ஊர்களில் இருக்கும். முகவரி கேட்பவருக்கு அருகிலுள்ள படியின் முகவரியைப் பெயர்வழங்கி சொல்லும். சி.டி.என். என்று இன்று வழங்குவது இதுவே.

சுவடி பற்றிப் பாடம் நடத்தும் நமக்குப் படியெடுத்தல் புதிதன்று. பாடபேதம்கூட இங்குண்டு. பக்கத்தைத் திருத்தியபின்னும் ஒரூரில் புதிய படியும் வேறோரூரில் பழைய படியும் சிறிது நேரம் உலவும்.

வேறுபாடு ஒன்றுண்டு. ஏடுகள் பல கைகளில் இருந்தன. ஓரூரில் சிதைந்ததை உ.வே.சா. இன்னோரூரில் தேடிப் பெற முடிந்தது. சி.டி.என். படிகளோ நூறு ஊர்களில் இருப்பினும் ஒரு நிறுவனத்தின் கையில் உள்ளன. 2021 ஜூன் 8 அன்று ஃபாஸ்ட்லி நிறுவனத்தில், வாடிக்கையாளர் ஒருவர் முறையாகவே செய்த அமைப்பு மாற்றம் உறங்கிக் கிடந்த மென்பொருள் பிழையை எழுப்பிவிட்டது. அதன் வலையமைப்பில் 85 விழுக்காடு பிழைச்செய்தி காட்டியது. கார்டியன் நாளிதழும் பிரிட்டன் அரசின் தளமும் ஒருங்கே மறைந்தன. 2016 அக்டோபர் 21 அன்று டைன் நிறுவனத்தின் பெயர்வழங்கிகள் தாக்கப்பட்டபோது, ட்விட்டரின் கணினிகள் நலமாக இருந்தும் அவற்றின் முகவரி சொல்ல ஆளில்லை.

சிற்றிதழ்கள் இணையத்துக்குக் குடிபெயர்ந்துவிட்ட காலம் இது. காத்திருக்க வைக்கும் பக்கத்தை இளம் வாசகர் மூடிவிடுகிறார். ஆகவே வேகம் நமக்கு வேண்டும், சி.டி.என்.னும் வேண்டும். அதோடு, இதழ் நடத்தும் நண்பர்கள் தம் பக்கங்கள் அனைத்தின் முழுப்படி ஒன்றை அந்நிறுவனத்தோடு தொடர்பற்ற வேறொரு வழங்கியிலும், இன்னொன்றைத் தம் வீட்டு வன்தட்டிலும் வைத்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். ஏடு காத்தவர்கள் செய்ததும் இவ்வளவே.