ஏறும்போதே குட்நைட்!

டிரினிடாட்டில் போய் இறங்கி, 'எத்தனாம் நம்பர் பஸ்?' என்று யாரையும் கேட்காதீர்கள். கலரைக் கேளுங்கள்.

வெஸ்ட் இண்டீஸ் தீவு வரிசையில் தெற்குக் கோடி, வெனிசுவேலாவுக்குக் கூப்பிடு தூரம். அதுதான் டிரினிடாட். பிரையன் லாரா பிறந்த மண். பக்கத்தில் குட்டித் தம்பியாக டொபேகோ. இரண்டும் சேர்ந்து ஒரு நாடு. மொத்தமே 5,128 சதுர கிலோமீட்டர், சுமார் 14 லட்சம் ஜனங்கள். இதில் சுற்ற என்ன கஷ்டம் என்று தோன்றும். கஷ்டம் இல்லைதான், விதிமுறை தெரிந்தால். அந்த விதிமுறைகளில் பாதி எங்கேயும் எழுதி ஒட்டியிருக்காது.

ரயில் கிடையாது. 1876-ல் ஓட ஆரம்பித்த ரயிலை, கார் பெருத்துவிட்டது, இனி எதற்கு என்று 1968 டிசம்பரோடு மூடிவிட்டார்கள். தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினின் பழைய ரயில் நிலையம்தான் இன்றைக்கு 'சிட்டி கேட்' என்கிற பஸ் நிலையம். கிழக்கே அரிமா வரை போன தண்டவாளப் பாதை, பொது வாகனங்களுக்கென்றே ஒதுக்கிய சாலையாகிவிட்டது. பக்கத்து ரோட்டில் பளபளக்கும் சொந்தக் கார்கள் டிராஃபிக்கில் முனகிக்கொண்டிருக்க, நம் வண்டி சர்ரென்று பறக்கும். வாழ்க்கையில் சில சந்தோஷங்கள் கார் இல்லாதவனுக்குத்தான்!

அந்த 'நம் வண்டி'யின் பெயர் மாக்ஸி டாக்ஸி. பெயரில்தான் டாக்ஸி; உருவத்தில் வேனுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில். 12 பேர் உட்காருவதும் உண்டு, 25 பேர் உட்காருவதும் உண்டு. வெள்ளை வண்டி, இடுப்பில் பெல்ட் கட்டின மாதிரி ஒரு வண்ணக் கோடு. சிவப்பு என்றால் கிழக்கே அரிமா பக்கம். பச்சை என்றால் சகுவானஸ், சான் ஃபெர்னாண்டோ. மஞ்சள், தலைநகரின் மேற்குப் பகுதிக்கு. கறுப்பு பிரின்சஸ் டவுன், பழுப்பு தென்மேற்குக் கோடிக்கு, நீலம் டொபேகோவில் மட்டும். எழுத்தே தெரியாதவர்கூட ஊர் போய்ச் சேரலாம். கலர் தெரியாதவர் பாடுதான் சிரமம்.

டைம் டேபிள்? ஆள் நிரம்பினால் அதுதான் டைம். பி.காம். படித்தவன் கணக்குப்படி இது நியாயம்தான். காலி சீட்டோடு கிளம்பினால் பெட்ரோல் செலவு டிரைவர் தலையில். நீங்கள் முதல் ஆளாக ஏறிவிட்டால் ஜன்னல் ஓர சீட்டும் நிச்சயம், காத்திருப்பதும் நிச்சயம். 'எப்ப கிளம்பும்?' என்று கேட்டால் 'ஜஸ்ட் நவ்' என்பார். ஆங்கிலம் என்று நம்பிவிடாதீர்கள். டிரினிடாட்டில் 'ஜஸ்ட் நவ்' என்றால் ஐந்து நிமிஷமும் ஆகலாம், அரை மணியும் ஆகலாம்.

ஏறும்போது மிக முக்கியமான விஷயம் சில்லறை இல்லை, வணக்கம். பொதுவாகத்தான், எல்லோருக்கும் சேர்த்து. 'குட் மார்னிங்' என்று ஒருவர் சொல்ல, உள்ளே இருக்கும் முகம் தெரியாத பத்துப் பேரும் பதில் முணுமுணுப்பார்கள். இருட்டிவிட்டால் 'குட்நைட்'. நமக்கு அது விடைபெறும் வார்த்தை. அங்கே சந்திக்கும் வார்த்தை. ராத்திரி ஏழு மணிக்கு வண்டியில் கால் வைத்துக்கொண்டே ஒருவர் குட்நைட் சொல்வதைக் கேட்டால் புதுசாகப் போகிறவருக்குத் திக்கென்றிருக்கும்.

ஒருநாள் காலை, காதில் இயர்ஃபோனோடு ஓர் இளைஞன் ஏறி, வாயே திறக்காமல் உட்கார்ந்தான். பக்கத்து சீட் பாட்டி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன் தம்பி, ராத்திரி நாம எல்லாரும் ஒரே வீட்லயா தூங்கினோம்?" என்றார். வண்டியே சிரித்தது. பையன் இயர்ஃபோனைக் கழற்றிவிட்டு, தனித்தனியாக எல்லோருக்கும் குட் மார்னிங் சொன்னான்.

அடுத்தது ரூட் டாக்ஸி. பார்க்க சாதாரணக் கார். நாலு பேர் சேர்ந்தால் கிளம்பும், ஒரே பாதையில் போய்வரும். மீட்டர் கிடையாது, பாதைக்கு இவ்வளவு என்று கணக்கு. ஒரு டாலர், ஐந்து டாலர் நோட்டாக வைத்திருப்பது உத்தமம். (ஒரு டாலர் நோட்டில் தேசியப் பறவையான சிவப்பு அரிவாள்மூக்கன் நிற்கும். செலவழிக்க மனசே வராது.) வழியில் நிறுத்தக் கையை ஆட்டினால் மட்டும் போதாது, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று விரலால் காட்ட வேண்டும். டிரைவர் அந்தப் பக்கம் போகவில்லை என்றால் அவரும் விரலாலேயே மறுப்பார். வாயே திறக்காமல் வியாபாரம் முடிந்துவிடும்.

சரி, சாதாரணக் காரையும் டாக்ஸியையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? நம்பர் பிளேட்டின் முதல் எழுத்தைப் பாருங்கள். 'எச்' என்றால் வாடகை வண்டி. 'பி' என்றால் சொந்த வண்டி. இந்த இரண்டுக்கும் பிறந்த பிள்ளை ஒன்று உண்டு. அதற்கு ஜனங்கள் வைத்த பெயர் 'பி.எச்.'. 'பி' பிளேட் மாட்டிக்கொண்டு 'எச்' வேலை பார்க்கும் கார்!

பல ஆண்டுகளாகச் சட்டத்துக்குப் புறம்பாக ஓடியவை இவை. முறைப்படுத்தலாம் என்ற பேச்சு அவ்வப்போது எழும். ஆனால் இவை இல்லாவிட்டால் மலைச்சரிவில் குடியிருப்பவர் வீடு போய்ச் சேர முடியாது. மாக்ஸி மெயின் ரோட்டோடு நின்றுவிடும். லாபமில்லாத பாதையில், நேரங்கெட்ட நேரத்தில், லைசென்ஸ் உள்ள டாக்ஸியும் வராது. அப்போது வருகிறவர் யார்? ஷிஃப்ட் முடிந்து வீட்டுச் செலவுக்கு நாலு காசு பார்க்க நினைக்கும் பக்கத்துத் தெருக்காரர். முகம் தெரிந்தவர், அம்மாவைத் தெரிந்தவர். அந்தப் பரிச்சயம்தான் லைசென்ஸ்.

பரிச்சயம் இல்லாத கார் வந்து நின்றால்?

2021 ஜனவரி கடைசியில் அது நடந்தது. அரிமா நகரில் நீதிமன்ற ஊழியரான 23 வயதுப் பெண், வேலை முடிந்து வீட்டுக்குப் போக டாக்ஸியில் ஏறினார். அது பி.எச். இல்லை. பிளேட்டில் 'எச்' என்றுதான் இருந்தது. பார்க்க வேண்டிய எழுத்தைப் பார்த்துத்தான் ஏறியிருப்பார். பிளேட்டே போலி. சில நாட்கள் கழித்து மலைப்பகுதியில் அவர் உடல் கிடைத்தது. நாடு முழுக்க ஜனங்கள் மெழுகுவத்தியோடு தெருவுக்கு வந்தார்கள். பெண்கள் பெப்பர் ஸ்பிரே வைத்துக்கொள்ள வழிசெய்யும் சட்டத் திருத்தம் அதே ஆண்டில் வந்தது. ஒரு பெண் வேலைக்குப் போய்த் திரும்புவதற்குப் பையில் மிளகுத் தண்ணீர் தேவைப்படுகிறது என்றால், போலி பிளேட் மாட்டினவனைப் பிடிக்க வேண்டியவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? அங்கே பலரும் கேட்ட கேள்விதான். எனக்கும் அதையேதான் கேட்கத் தோன்றுகிறது.

ஆகவே, ஊருக்குப் புதுசு என்றால் ரோட்டில் கை காட்டாதீர்கள். டாக்ஸி ஸ்டாண்டுக்கே நடந்துபோய் ஏறுங்கள்; அங்கே டிரைவர்களுக்கு ஒருவரையொருவர் தெரியும். இருட்டினால் மாக்ஸியே மேல். கூட்டம் நிறைந்த வண்டியில் இடிபடுவதைவிடப் பாதுகாப்பு வேறில்லை.

அரசு பஸ்ஸும் உண்டு, விலை மலிவு. சீட்டை முன்கூட்டியே வாங்கிக்கொள்வது வழக்கம். பெரியவர்களுக்கு இலவசம், அதனால் வண்டி நிறையத் தாத்தா பாட்டிகள். சான் ஃபெர்னாண்டோவுக்கு 2008-லிருந்து 'வாட்டர் டாக்ஸி' என்று கடல்வழிப் படகும் போகிறது. முக்கால் மணி நேரம்தான், சிக்னல் கிடையாது. டொபேகோவுக்குக் கப்பலும் உண்டு, விமானமும் உண்டு. வயிறு சொன்னபடி கேட்காதவர்கள் விமானமே ஏறுங்கள்.

வயிறு என்றதும் ஞாபகம் வருகிறது. சிவப்புக் கோட்டில் போனால் கியூரிப் சந்திப்பில் இறங்கி 'டபுள்ஸ்' சாப்பிடாமல் வராதீர்கள். இரண்டு மெத்து மெத்து பரா, நடுவில் கொண்டைக்கடலைக் கறி, மேலே மிளகாய்ச் சட்னி. 'ஸ்லைட் பெப்பர்' என்று கேளுங்கள். ஆந்திரா மெஸ்ஸில் சாப்பிடுகிறவன் என்ற பெருமையெல்லாம் அங்கே செல்லாது. அந்த மிளகாயின் குணம் வேறு.

கடைசியாக ஒரு மஞ்சள் கோடு சவாரி, செயின்ட் ஜேம்ஸ் வரைக்கும். குவீன்ஸ் பார்க் ஓவல் மைதானமும் இந்தப் பக்கம்தான். 1971-ல் வெஸ்ட் இண்டீஸை நாம் முதன்முதலாக ஜெயித்த இடம். 1976-ல் நாலாவது இன்னிங்ஸில் 403 ரன்னைத் துரத்திப் பிடித்த இடம். செயின்ட் ஜேம்ஸ் வந்ததும் ஜன்னல் வழியே தெருப் பெயர்களைப் படியுங்கள்: டெல்லி, பாம்பே, கல்கத்தா... 1845-லிருந்து 1917 வரை கரும்புத் தோட்டக் கூலிகளாக இந்தியாவிலிருந்து கப்பல் கப்பலாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சுவடு. பெரும்பாலோர் கல்கத்தாவில் ஏறியவர்கள். கொஞ்சம் பேர் நம் துறைமுகத்தில் ஏறியவர்கள். அவர்கள் ஊர்ப் பெயரிலும் ஒரு தெரு இருக்கிறது: மெட்ராஸ் ஸ்ட்ரீட். 1996-லேயே நாம் பெயரை மாற்றிக்கொண்ட சேதி இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை.

பஸ்ஸரை அழுத்துங்கள். நாம் இறங்க வேண்டிய இடம்.