கண்ணகியும் கணக்கும்

உயர்தரத்தில கணிதப்பிரிவு எடுத்த நாங்கள் வைகாசிச் சடங்குக்குப் போறதைப் பார்த்து ரியூசனில சிரிச்சாங்க. "விஞ்ஞானம் படிக்கிற பொடியன்மாருக்குக் குளுத்தி என்னத்துக்கு?" கிரானுக்குத் திரும்பும் பஸ்ஸில எங்களுக்குப் பதில் வரல்ல.

பிறகுதான் விபுலானந்த அடிகளைப் படிச்சம். காரைதீவில் 1892இல் பிறந்தவர். விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியர், பின்பு இராமகிருஷ்ண மிஷன் துறவி. வழக்கொழிந்த யாழின் சுர அளவுகளைக் கணிதத்தால் மீட்க முயன்று 'யாழ் நூல்' எழுதினார். அது வெளிவந்த 1947இலேயே மறைந்தார். அந்த ஆய்வுக்கு அவர் அடித்தளமாக எடுத்தது சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை. எங்கட கோயிலில பாடுற அதே கண்ணகி கதை!

இந்த வருசமும் குளுத்திக்குப் போனோம். கும்பிட்டு முடிய, உடுக்கின் தாளத்தை எண்ணிக் கொப்பியில எழுதிக்கொண்டிருந்தோம்.