அடுப்படியில் ஒரு சோதனை

கண்டியிலிருந்து ஹந்தானை மலைக்கு ஏறும் பாதையோரத்து லயமொன்றில் எமது உறவுக்காரப் பெண் ஒருவர் வாழ்கிறார். கொழுந்து பறிப்பவர். விறகுப் புகையிலிருந்து விடுதலை பெறவேண்டும் என்னும் ஒரே ஆசையில், இரண்டு ஆண்டுகள் சீட்டுக் கட்டி எரிவாயு அடுப்பு வாங்கியவர். 2021 டிசம்பரில் ஒருநாள் அவர் எம்மிடம் வந்து, "தம்பி, சிலிண்டர வெளிய தூக்கி வச்சிட்டோம். மறுபடி வெறகுதான். உள்ள வச்சிக்க பயமா இருக்கு" என்றார்.

அவரது அச்சம் வீணானதன்று. அவ்வாண்டின் கடைசி இரு மாதங்களில், எரிவாயு அடுப்புகள் வெடித்த செய்திகள் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்துகொண்டிருந்தன. சமையலும் படுக்கையும் அடுத்தடுத்து அமைந்த காம்பிராவில் வெடிப்பு என்றால் என்னவாகும் என்று விளக்க வேண்டியதில்லை.

நாம் அவருடன் லயத்துக்குச் சென்றோம். சவர்க்காரத்தைத் தண்ணீரில் கரைத்து, சிலிண்டரும் ரெகுலேட்டரும் சேரும் இடத்திலும் குழாய் நெடுகிலும் பூசினோம். அடுப்பை அண்டிய குழாய்முனையில் குமிழிகள் எழுந்தன. வெப்பம் பட்டுப் பட்டு இறப்பர் வெடித்திருந்தது. கண்டி நகரில் புதுக் குழாய் வாங்கச் சென்றபோது, மலிவானதொன்றையே கடைக்காரர் முதலில் நீட்டினார். எஸ்.எல்.எஸ். முத்திரை பொறித்ததைக் கேட்டு வாங்கினோம். விலை கூடத்தான். ஆனால் சிக்கனம் பார்க்கக் கூடாத இடமும் வீட்டில் உண்டு.

மற்றவையும் எளியனவே. சுடர் நீலமாக எரியவேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பிடித்தால், பர்னர்த் துளைகள் அடைத்திருக்கும், அல்லது காற்று போதாமல் இருக்கும். துளைகளை மெல்லிய கம்பியால் சுத்தம் செய்தல் வேண்டும். சிலிண்டரைப் படுக்கவைத்தல் ஆகாது. இந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். நாற்றம் வந்தால் தீக்குச்சியும் வேண்டாம், மின்விளக்கின் ஆளியும் வேண்டாம். வால்வை மூடி, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேறவேண்டும்.

இவ்வளவையும் அக்காவுக்குச் சொன்னோம். அவர் ஒன்றே கேட்டார்: "இதெல்லாம் நாங்க பாத்துக்குவோம். சிலிண்டருக்குள்ள என்ன இருக்குன்னு யார் பாக்குறது?"

எமது ஆலோசனைகள் அனைத்தும் அக்கேள்வியின் முன் தடுமாறின. சிலிண்டருக்குள் இருப்பவை புரொப்பேனும் பியூட்டேனும். முன்னது கொதிப்பது பூச்சியத்துக்குக் கீழே 42 பாகையில். பின்னது ஏறத்தாழப் பூச்சியத்தில். ஆதலால் புரொப்பேனின் பங்கு கூடினால் உள்ளழுத்தமும் கூடும். முன்பு தாங்கிய பலவீனமான இணைப்பும் கசியத் தொடங்கும். அந்த வெடிப்புகளை ஆராய அரசு 2021 இறுதியில் நியமித்த குழு, சேர்மானத்தில் ஏற்பட்ட மாற்றத்தையே முதன்மைக் காரணமாகச் சுட்டியது. எந்தக் குடும்பமும் சவர்க்கார நுரையால் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்தான பண்டங்களிலிருந்து நுகர்வோரைக் காப்பதற்கென்றே 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை அமைக்கப்பட்டது. கண்ணுக்குத் தெரிவதை வீட்டார் சோதிக்கலாம். தெரியாததைச் சோதிப்பது அரசின் கடன். விபத்து நேர்ந்தபின் "கவனக்குறைவு" என்று அடுப்படிப் பெண்ணின் தலையிலேயே பழியைச் சுமத்துவது, அந்தக் கடனை மறைக்கும் தந்திரம் அன்றி வேறில்லை.

2022இல் எரிவாயுவே கிடைக்காமல் நாடெங்கும் வரிசைகள் நீண்டன; அக்காவின் வீட்டில் மீண்டும் விறகு புகைந்தது. இன்று அவர் மாதந்தோறும் குழாயில் நுரை பூசிப் பார்க்கிறார். தம் பங்கை அவர் குறைவின்றிச் செய்கிறார். அவர் அன்று கேட்ட கேள்வியை உரியவர்களிடம் ஓயாது கேட்டுக்கொண்டிருப்பது நம் அனைவரின் பங்காகும்.